திருப்பாத வண்டி

செல்லூர், மதுரை
ஐப்பசி 18, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை தமிழ்வாணி, அவள் வயிற்றுப் பிள்ளை ஆக நான்கு பேரும் நலமாக இருக்கிறோம். கவுகாத்தியில் நீயும் நலமாக இருக்க அந்தக் கள்ளழகர்தான் துணை. நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் எத்தனையோ கடிதத்தில் இந்த வரியைக் கை பாட்டுக்கு எழுதியிருக்கிறேன், இந்த முறைதான் ஒவ்வொருவராக விரல் மடக்கி எண்ணிவிட்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். நம் வீட்டுக் கூடத்தில் நின்று பேசினால் கீழே அப்பாவின் லேத் பட்டறை வரைக்கும் கேட்கும், அது உனக்குத் தெரியும். அதுவும் போக, போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ பேசி முடித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே கடைசி வரைக்கும் படி, நடுவில் எழுந்து போய்விடாதே. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பாலம் கட்டுகிற இடத்தில் ஆற்றுக் காற்று காதில் ஏறும், தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த துணி மூன்று நாளாக ஈரம், பக்கத்துத் தறிக்கூடத்தில் கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் தறிச் சத்தம்கூட விட்டு விட்டுத்தான் கேட்கிறது.

தங்கையின் வளைகாப்பு முடிந்து இன்றைக்கு ஒன்பது நாள். அதற்கு மறுநாள் நீ அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியதற்கு எட்டு நாள். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேரையூரிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கூட்டிவரும் வழியில் ரயில் பாதைக்கு அடியில் தேங்கி நின்ற தண்ணீரில் அப்பா வண்டியை இறக்கினார், வண்டி நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை, அவள் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டாள். இதைக் கேட்டு நீ என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஒங்க டப்பா வண்டிக்காக என் தங்கச்சியைக் காவு குடுக்கப் பாத்தீகளே, விக்கச் சொல்லி எத்தன வருசமாச் சொல்றேன், நீங்கல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டாய். தமிழ்வாணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா, சரிப்பா, நீ சொல்றது சரிதான்ப்பா என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றையிலிருந்து அவர் நம்பருக்கு நீ கூப்பிடவே இல்லை. எனக்கு மட்டும் தினமும் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்கிறாய். நான் போனை வைத்ததும் அவர் வந்து, பாண்டியா பேசுனான், என்ன சாப்பிட்டானாம் என்று கேட்கிறார். நான் சொல்கிறேன். அதோடு போய்விடுகிறார். எட்டு நாளாக எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை தம்பி, அதற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை.

அந்த வண்டியை உனக்குப் பிடிக்காது. நானும் அதைக் கொஞ்சிக் குலாவியவள் இல்லை. மூக்கே இல்லாமல் முன்பக்கம் தட்டையாக, சக்கரம் சின்னதாக, கூரை மட்டும் உயரமாக, ரொட்டி பாக்கெட்டுக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருக்கிறது என்று காலேஜில் உன் கூட்டாளிகள் சிரித்ததாக நீயே வந்து சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். எஞ்சினைக் கொண்டுபோய் முன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான், சித்திரை மாதத்தில் முன்னால் உட்கார்ந்தால் கொதிக்கிற இட்லிச் சட்டிமேல் உட்கார்ந்த மாதிரிதான். அதற்குப் பரிகாரமோ என்னவோ, முன்னால் ஒரு ஏசி, பின்னால் இருப்பவர்களுக்குக் கூரையிலேயே தனியாக இன்னொரு ஏசி என்று இரண்டு கொடுத்தான், இரண்டையும் சேர்த்துப் போட்டால் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். யாரும் சீந்தவில்லை போலிருக்கிறது, கம்பெனிக்காரனே அதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஆனால் அப்பா அதை ஏன் வாங்கினார் என்பது செல்லூரில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் புரியும். நம் சந்தில் ஒரு பக்கம் தறிக்கூடச் சுவர், மறுபக்கம் வரிசையாக டூவீலர். வேறு எந்தக் கார் வந்தாலும் கதவை விரிக்க இடமில்லாமல் தெருமுனையிலேயே இறங்கி நடந்துதான் வர வேண்டும். இதில் பின்னால் இருக்கிற இரண்டு கதவும் பக்கவாட்டில் ரெயிலில் சறுக்கிக்கொண்டு போகும், ஒரு முழம் இடம் இருந்தால் எட்டுப் பேரும் இறங்கிவிடலாம். நடு சீட்டைப் பின்பக்கம் சாய்த்தால் கடைசி சீட்டோடு சேர்ந்து கட்டில் மாதிரி ஆகிவிடும், நீங்கள் இரண்டு பேரும் அதில் உருண்டு அடித்துக்கொண்டேதான் எங்கேயும் வருவீர்கள். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். போன பொங்கலுக்கு வந்தபோதுகூட, பவர் விண்டோ இல்லாத வண்டி ஊருக்குள்ளயே நம்ம வீட்டுலதான் இருக்கு, நாயக்கர் மகாலுக்குள்ள கொண்டுபோய் நிறுத்தி டிக்கெட் போடுங்க என்று சொன்னாய். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்.

இன்னொன்றையும் நினைவில் வை. சாமான் கிடைக்காமல் போன பிறகு அந்தக் கதவு ஓடுகிற சின்ன உருளைகளை அப்பா தன் லேத்திலேயே கடைந்து போட்டுக்கொண்டார். மாதம் ஒருமுறை ரெயிலைத் துடைத்துக் கிரீஸ் வைப்பார். அதில் மட்டும் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார். இந்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு போனபோதுகூட, கண்ணாடியில வையி, வீல்ல வையி, ரெயில்ல மட்டும் வைக்காத, ஒரு துரும்பு சிக்குனாலும் கதவு நகராது என்று சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறந்துபோனேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. சம்பந்தியம்மா தங்கப்பொண்ணு ஒரு குறையும் வைக்கவில்லை, நாம் கொண்டுபோன ஐந்து வகைச் சாதத்தையும் வாயாரப் புகழ்ந்தார்கள், உன் தங்கை இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலோடு அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நம் பக்கத்துச் சொந்தமெல்லாம் முன்னாலேயே பஸ் பிடித்துவிட்டார்கள். வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பார்களே, நான் அதற்கும் வயிற்றுப் பிள்ளையைச் சேர்த்து நான்கு என்று கணக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. அதற்குள் அவள் நம் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. மாசமான பெண்ணைப் பொழுது சாய்கிற நேரத்தில் வேப்பிலை இல்லாமல் கூட்டிவர மாட்டோம். சம்பந்தியம்மா அவள் கையில் ஒரு கொத்துக் கொடுத்தார்கள், எனக்கு அது போதவில்லை, வண்டிக்கும் ஒன்று வேண்டும் என்று வாசல் மரத்தில் ஒடித்தேன். எங்கே செருகுவது? முன்னால் வைத்தால் காற்றில் பறந்துவிடும். இடப்பக்கக் கதவுக்குப் பின்னால் வண்டியின் உடம்பில் நீளமாக ஒரு வாய் மாதிரி இருக்கிறதே, அந்தக் கதவு ஓடுகிற ரெயில், தோதாக இருந்தது. காம்பில் மஞ்சள் நூலைச் சுற்றிக் கனமாக்கி, மூன்று முடிச்சுப் போட்டு, விழாதபடி உள்ளே நன்றாகத் தள்ளினேன். என் பிள்ளையை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் செருகினேன், அப்புறம் வலப்பக்கமாகச் சுற்றிப் போய் ஏறி, அப்பா சீட்டுக்குப் பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா அப்போது சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொண்டு நின்றார், பார்க்கவில்லை.

கல்லுப்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் குறுக்கு வழியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, மேலே ரயில், கீழே ஒற்றை வண்டி போகிற அகலத்தில் ரோடு, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். அதற்குச் சற்று முன்னால் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு மழையில் இறங்கிப் போய்ப் பார்த்தார். ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். திரும்பி வந்து, வேணாம் கொடி, தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, மட்டம் தெரியல, திருப்பி மெயின் ரோட்டுல சுத்திப் போயிருவோம், இருவது நிமிசம்தான் கூட ஆகும் என்றார். தம்பி, இந்த வாக்கியத்தை நீ இரண்டு தடவை படி. வேண்டாம் என்று சொன்னது அவர்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேமுக்கால். நேராகப் போனால் நாலரைக்குள் வீடு, சுற்றிப் போனால் ராகுகாலம். அதைவிட எனக்குக் கிளம்பிய வண்டியைத் திருப்புவது என்பதே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மாசமான புள்ளையை ஏத்திக்கிட்டுக் கெளம்புன வண்டிய யாராச்சும் திருப்புவாகளா, அதுவும் வளையல் போட்ட கையோட, இப்பத்தான் ஒரு டூவீலர் போச்சு, அவனுக்கு இருக்குற தைரியம் ஒங்களுக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் ரிவர்ஸ் கியருக்குக் கையைக் கொண்டுபோனார். நான் விடவில்லை. இம்புட்டு வருசமா இந்த வண்டி அது செய்யும் இது செய்யும்னு பீத்துனீகளே, முழங்கால் தண்ணியில போகாத வண்டிக்குத்தான் மாசம் தவறாம எண்ணெய் போட்டீகளா என்றேன். தமிழ்வாணி, அப்பா சொல்றதைக் கேளும்மா என்றாள், அவளையும் அதட்டினேன். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் வண்டி விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பாவி நான், ஒன்றரை மணி நேரம் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் ராகுகாலமே போயிருக்கும்.

பாதி தூரம் சரியாகத்தான் போனது. அடிமட்டத்துக்கு வந்ததும் முன் சீட்டுக்குக் கீழே எஞ்சின் இரண்டு தடவை இருமியது, சட்டென்று நின்றது, சூட்டு எஞ்சினில் தண்ணீர் பட்டு ஆவி குப்பென்று மேலே வந்தது. எனக்கு முதலில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் பட்டது. பிறகு கால் சில்லிட்டது. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, கணுக்கால், அப்புறம் ஆடுசதை. முன்னாலும் பின்னாலும் இரண்டு சரிவிலிருந்தும் செம்மண் தண்ணீர் வாய்க்கால் மாதிரி இறங்குகிறது. அப்பா தன் கதவைத் தோளால் முட்டினார், வெளியே தண்ணீர் கைப்பிடி மட்டத்துக்கு நின்றதால் அசையவில்லை. அவர் குரல் மட்டும் மாறவில்லை. கொடி, எடது பக்கத்துக் கதவைப் பின்னால இழு, அது வெளிய விரியாது, பக்கமாத்தான் போகும், அதைத் தண்ணி தடுக்காது என்றார். நான் இழுத்தேன். நான்கு விரல் அளவு போய் டக்கென்று நின்றது. மறுபடி இழுத்தேன். உன் தங்கையும் வளையல் குலுங்க எட்டி இழுத்தாள். எதுவோ கடித்துப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது. அந்த நான்கு விரல் சந்து வழியாகத் தண்ணீர்தான் இன்னும் வேகமாக வந்தது.

வலப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அது ஏன் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு எட்டு வயதில் அழகர்கோவில் போய்த் திரும்பும்போது வளைவில் ஓடுகிற வண்டியில் நீ அந்தக் கதவைத் திறந்துவிட்டாய், பாதி உடம்பு வெளியே போய்விட்டது, என் கையில் உன் சட்டைக் காலர் சிக்கியது. அன்றைக்கே அப்பா கதவு ஓரத்தில் இருக்கிற குழந்தைப் பூட்டைத் தள்ளிவிட்டார், அதற்குப் பிறகு வெளியே இருந்துதான் திறக்க முடியும். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை, கேட்டால் பேரன் பேத்தி வரும் என்பார். அன்றைக்கு அந்த ஞாபகம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டேன். பிறகு கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க ஆரம்பித்தார். நீ மகாலில் வைக்கச் சொன்ன அதே கண்ணாடிதான். கரண்டில் ஓடுகிற கண்ணாடியாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீருக்குள் அது இறங்கியிருக்குமோ இருக்காதோ, எனக்குத் தெரியாது, யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

அறுபது வயது மனுஷன் தலையை முதலில் விட்டு அந்த ஜன்னல் வழியாகப் போனார். இடுப்பில் மாட்டிக்கொண்டார். நான் சீட்டுக்கு மேலே சாய்ந்து அவர் காலைப் பிடித்துத் தள்ளினேன், கட்டிய புருஷனை அப்படித் தள்ளுவேன் என்று நினைத்ததில்லை. விழுந்தார், தண்ணீர் மூடியது, ஆளைக் காணோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், ஆறு வரைக்கும் எண்ணினேன். அதற்குள் நான் தமிழ்வாணியைப் பின்பக்கம் சாய்த்த சீட்டின்மேல் ஏற்றிவிட்டேன், அந்தக் கட்டில் சீட்டு உயரமாக இருந்ததால்தான் அவள் வயிறு நனையாமல் இருந்தது. ஏழாவது எண்ணிக்கையில் வலப்பக்கக் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவு சர்ரென்று போனது. அவ்வளவு தண்ணீருக்குள்ளும் எண்ணெய் போட்ட ரெயிலில் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா நெற்றியில் சிராய்த்து ரத்தம் வடிய நின்றுகொண்டு, வா ஆத்தா, அப்பா கழுத்தைக் கட்டிக்க என்றார். அதற்குள் மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மருது என்ற புண்ணியவான் கயிற்றோடு இறங்கி வந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அப்பா, நடுவில் உன் தங்கை. நான் பின்னால் வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் கண் அவள் வளையல்மேலேயே இருந்தது, ஒன்று உடைந்தாலும் அபசகுனம் என்று. என்னைப் போல ஒரு மடச்சி உலகத்தில் உண்டா?

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் வயிற்றில் கை வைத்தபடி, அசையலம்மா, காலையில இருந்து ஒதைச்சுக்கிட்டே இருந்துச்சு, இப்ப அசையலம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து இப்படியும் அப்படியும் தேடினார்கள், ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி தேடினார்கள். பிறகு குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று கேட்டது. அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார், ஓடிப்போய்ச் சொன்னேன், ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பிள்ளை ராத்திரி பகல் பார்க்காமல் உதைக்கிறது, அவள் திட்டிக்கொண்டே சிரிக்கிறாள்.

சம்பந்தி வீட்டிலிருந்து அன்றைக்கு மாலையே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய், யாரு அந்தத் தண்ணிக்குள்ள எறக்கச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, நான்தான் மாப்ள, போயிரலாம்னு நெனச்சேன், என் புத்தி என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் நீ கேட்டபோதும் அதே கதைதான், அவர் சரிப்பா என்றார், நான் சும்மா இருந்தேன். தமிழ்வாணிக்கு எல்லாம் தெரியும். நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று ஒருநாள் கேட்டாள், கொஞ்சம் பொறு என்றேன். இப்போது மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்றால், வருகிற நவம்பர் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைத் திரும்பக் கூட்டிப்போகிறாராம், அந்த மனுசன் இருக்குற வீட்டுல எம்புள்ள பொறக்க வேணாம் என்றாராம். வளைகாப்புப் போட்டுக் கூட்டிவந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார். வண்டியையும் பதினைந்தாம் தேதி உடைக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டார்.

டிராக்டர் வைத்து இழுத்து வந்த வண்டி பட்டறை வாசலில்தான் நிற்கிறது. போன வியாழக்கிழமை அப்பா அந்த இடப்பக்கக் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனபோது, என்ன கோளாறாம் என்று கேட்டேன். உருளை தேஞ்சுருச்சு, நான் கவனிக்காம விட்டுட்டேன் என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது நிஜமாகவே வேறு எதுவும் தோன்றவில்லை தம்பி, வேப்பிலை ஞாபகமே இல்லை. மறுநாள் துணி துவைக்கும்போது அவர் காக்கிச் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு வேப்பங்காம்பு. உருளை ஏறி நசுங்கிப் பட்டை பிய்ந்து கிடந்தது. அதில் மஞ்சள் நூல். நூலில் மூன்று முடிச்சு.

உருளை தேயவில்லை. அவர் கடைந்த உருளை தேயுமா? அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதவைக் கழற்றிய அன்றைக்கே, யார் முடிச்சு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்து, பையில் போட்டுக்கொண்டு, என்னிடமே பொய் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் இறக்கச் சொன்ன பழியை ஊருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார், அதுவாவது எனக்குத் தெரிந்து வாங்கினார். இதை நானே அறியாமல் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இந்தத் தப்பு எனக்குத் தெரியவே கூடாது என்று நினைத்திருக்கிறார் பார். ஐந்து நாளாக அந்தக் காம்பை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவரும் பையில் காணோம் என்று தேடியிருப்பார், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மழையைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு மூச்சு முட்டுகிறது. அன்றைக்குத் தண்ணீருக்குள் இருந்தபோதுகூட இப்படி முட்டவில்லை.

வண்டி போனால் போகட்டும், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், தண்ணீர் ஏறிய எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆனால் உன் அப்பா பேரும் அதோடு சேர்ந்து இரும்பு விலைக்குப் போகக் கூடாது. பதினாறாம் தேதி மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்று, திருப்ப வேண்டாம் என்றது நான், ரெயிலில் குச்சியைச் செருகியது நான் என்று சொல்லப் போகிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அப்புறமும் பெண்ணைக் கூட்டிப்போவேன் என்றால் நான் எங்கேயாவது போய் இருக்கிறேன், அப்பா இருக்கிற வீட்டில் அவள் பிள்ளை பெறட்டும். அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நீ என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு, அப்பாவிடம் பேசிய அளவுக்குத் திட்டினால் கணக்குச் சரி. ஆனால் அவர் நம்பருக்குக் கூப்பிடு. மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாக இருக்கும், வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். கதவு ஏன்ப்பா தொறக்கல என்று மட்டும் கேள். உருளை தேஞ்சுருச்சுப்பா என்பார். அந்தக் காம்பை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அது இப்போது உன் கையில் இருக்கிறது என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாலத்தின்மேல் நின்று போன் பேசாதே, கோபம் வந்தால் பத்து எண்ணிவிட்டுப் பேசு, அது என்னிடமிருந்து வந்த வியாதி, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அழகரும் மீனாட்சியும் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், நீ நீடூழி வாழ வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் அப்பாவைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
ம. ஜெயக்கொடி

மடித்து வைத்த கடிதத்தை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். உன் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்குக் கை வராது, எப்போதும் போல அப்பாவிடம் கவரைக் கொடுத்தேன், காம்பு உள்ளே இருப்பதை மறந்து கொடுத்துவிட்டேன். எழுதிக்கொண்டே வந்தவருக்குக் கவுகாத்தி என்ற இடத்தில் பேனா மேடு தட்டி நின்றது. கட்டை விரலால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். முடிச்சு இருக்கிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீதி விலாசத்தையும் எழுதி முடித்து, பின்கோடையும் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, சாதாத் தபால்ல போடாத கொடி, பதினஞ்சுக்குள்ள போய்ச் சேராது, ஸ்பீடு போஸ்ட்ல போடு என்றார்.